முன் ஆக்ஸிலுக்கு ஒரு பட்டை

பட்டறைக்கு வருகிற ஜீப்காரர்கள் மெக்கானிக்கான அவருக்கு வைத்த பெயர் வேணாம்காரர். கூடுதல் விளக்கு கேட்டால் வேணாம், பெரிய டயர் கேட்டால் வேணாம். வண்டியைச் செய்தவன் என்ன பைத்தியக்காரனா, யோசித்துத்தான் செய்திருக்கிறான் என்பார். பெரும்பாலும் அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும். அதனால் தலைக்கனமும் கொஞ்சம் உண்டு.

கூடப்பிறந்த தம்பிக்கும் அதே பதில்தான். மலைமேல் இருந்த குவாரிக்கு ஜீப்பில் சரக்கு ஏற்றிப் போகிறவன் தம்பி. பாதை முழுக்கப் பாறை. முன் சக்கரங்களை இணைக்கிற ஆக்ஸில் அடிபட்டு வளையாமல் இருக்க, அதற்கு இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் அடித்துத் தரச் சொல்லி நாலைந்து தடவை கேட்டான்.

"வேணாம்டா. வெல்டிங் சூட்டுல ஆக்ஸில் கோணிக்கும். அப்புறம் எங்கிட்டதான் வந்து அழுவே."

அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு பட்டறைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. சில மாதங்களில் ஜீப் பள்ளத்தில் சாய்ந்து தம்பி போய்ச் சேர்ந்தான். ஆக்ஸில் வளைந்துதான் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று எல்லோரும் பேசினார்கள். அவர் காதுபடப் பேசாததுதான் அவருக்குக் கொடுத்த மரியாதை.

வண்டி ஒரு வருஷம் தம்பி வீட்டுப் பின்புறம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. அவர் எட்டிப் பார்க்கவில்லை. தம்பி மனைவி முகத்தில் எப்படி முழிப்பது? அவளும் கூப்பிடவில்லை. வண்டியைப் பார்த்தால் மனுஷர் நொறுங்கிப் போவார் என்று நினைத்தாளாம். ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு இரண்டு பேரும் தனித்தனியாக வெந்துகொண்டிருந்தார்கள்.

கடைசியில் ஒரு நாள் அவளே வண்டியை ஒரு லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நிறுத்தினாள்.

"இனிமே நானே ஓட்டப்போறேன் மாமா. அதே பாதைதான். பட்டை போடணுமா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும்."

"எங்கிட்டயாம்மா கேக்கறே?"

"வேற யார்கிட்ட கேப்பேன்? முதல்ல அடியில போய்ப் பாருங்க."

அடியில் படுத்தார். ஆக்ஸிலின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நூலை இழுத்துக் கட்டினார். நூலுக்கும் இரும்புக்கும் நடுவே எல்லா இடத்திலும் ஒரே இடைவெளி இருந்தால் வளைவில்லை. அளந்தார். நம்பாமல் நூலை அவிழ்த்துக் கட்டி மறுபடியும் அளந்தார்.

"வளையவே இல்லைம்மா."

"இழுத்துட்டு வந்த லாரிக்காரரும் சக்கரம் நேரா உருளுதுன்னுதான் சொன்னாரு. நான் சொல்லியிருந்தா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனைச்சிருப்பீங்க."

"அப்ப எப்படிம்மா ஆச்சு?"

"தூக்கம்தான் மாமா. கடைசி ரெண்டு மாசம் ராத்திரி லோடும் சேத்து ஓட்டினாரு. எதுக்கு இப்படி ஓடறீங்கன்னா, ஒரு செலவு இருக்குன்னு மட்டும் சொல்வாரு."

வண்டிக்கு அடியிலேயே படுத்தபடி அவர் அழுதார். நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. தம்பி செத்த கதையைக் கேட்டு மூச்சு லேசாகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பட்டை வேணாம்மா, நல்லா இருக்கற இரும்பை எதுக்குச் சுடணும்?" என்றார். பழையபடி வேணாம்காரர் ஆகிவிட்டீர்கள் என்று அவள் சிரிக்கப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் சக்கரத்தைக் கழற்ற அந்த வண்டியின் ஸ்பேனரே தேவைப்பட்டது. அது பின்சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டியில் இருக்கும். விழுந்ததில் மூடி நசுங்கி இறுகிப் போயிருந்தது. கடப்பாரை போட்டு நெம்பினார்.

ஸ்பேனருக்கு மேலே கோணிச் சாக்கில் சுற்றிய இரண்டு இரும்புப் பட்டைகள் இருந்தன. புதுசு. எடுத்துக்கொண்டுபோய் ஆக்ஸிலோடு பொருத்திப் பார்த்தார். அதற்கென்றே அளவெடுத்து வெட்டியவை, அப்படியே உட்கார்ந்தன. வேறு ஏதோ பட்டறையில் காசு கொடுத்து வெட்டி வாங்கியிருக்கிறான். வெல்டிங் கூலிக்கும் சேர்த்துத்தான் ராத்திரியெல்லாம் ஓட்டியிருக்கிறான். இவர் சரி என்று சொல்லியிருந்தால் மூலையில் கிடக்கிற துண்டு இரும்பிலேயே வேலை முடிந்திருக்கும்.

பட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வெல்டிங் கண்ணாடியை மாட்டினார்.

விரல் நீளத்துக்கு ஒரு தையல் அடித்தார். ஆறும்வரை காத்திருந்தார். எதிர்ப்பக்கம் ஒன்று அடித்தார். மறுபடியும் காத்திருந்தார். சாயங்காலம் நூலை இழுத்துக் கட்டி அளந்தபோது இடைவெளி நேற்று இருந்தபடியே இருந்தது. மயிரிழைகூடக் கோணவில்லை.

அவள் வந்து குனிந்து பார்த்தாள்.

"வேணாம்னீங்களே மாமா?"

"இருக்கட்டும்மா. உனக்கு நல்லது."

அவள் வெல்டிங் தையலை விரலால் தடவிப் பார்த்தாள். "பெரிய வேலைன்னு நெனைச்சேன். எவ்வளவு நேரம் ஆச்சு?"

அவர் நூலை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு பகல்தாம்மா" என்றார். "ஒரே ஒரு பகல்."