நாற்பத்து மூன்று முழங்கால்கள்

"டாக்டரம்மா, வியாழக்கெழமை எங்க அஞ்சு பேரையும் பூந்தமல்லி பங்களாவுக்கு வரச் சொல்லி பியூன் வந்து சொல்லிட்டுப் போறான். மணவாளன் ஐயாவோட ஆராய்ச்சியாம். அவரு எப்ப வந்து எங்க காலைப் பாத்தாரு?"

நாகப்பன் கேட்டுக்கொண்டே டிஸ்பென்சரிக்குள் வந்தான். சாமுண்டீஸ்வரியின் கையிலிருந்த கட்டுத்துணிச் சுருள் நழுவித் தரையில் உருண்டு ஓடியது. அதை எடுக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"யாருடைய ஆராய்ச்சி என்றான்?"

"மணவாளன் ஐயாவோடதுதான். ரெண்டு தபா கேட்டேன், ரெண்டு தபாவும் அதையேதான் சொன்னான்."

சாமுண்டீஸ்வரி எல்.எம்.பி. படித்தவள்; எம்.பி.பி.எஸ்.ஸுக்கு ஒரு படி கீழான வைத்தியப் படிப்பு அது. கரையான்சாவடி டிஸ்பென்சரிக்கு அவள் டாக்டராக வந்து, இந்த 1937-ம் வருஷத்துத் தை மாதத்தோடு மூன்று வருஷம் முடிந்திருந்தது. அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் பருத்திப்பட்டிலும் அண்ணனூரிலும் சடுகுடு ஆரம்பித்துவிடும். ஆரம்பித்த மறுநாளே முழங்கால் திருகிக்கொண்டவர்கள் மாட்டுவண்டியில் வந்து இறங்குவார்கள். ஆறு வாரம் படுத்திரு என்றால் யார் படுப்பார்கள்? எல்லாரும் கூலிக்காரர்கள். மூன்றாவது வாரமே "வலி சுத்தமா இல்லம்மா" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்வார்கள். கட்டை அவிழ்த்ததும் நேரே மைதானத்துக்குப் போவார்கள். அடுத்த வாரம் அதே கால், அதே வண்டி.

வலி இல்லை என்ற அந்தப் பொய்யை எப்படிப் பிடிப்பது? முதல் வருஷம் முழுக்க அவளுக்கு இதே யோசனைதான்.

ஒருநாள் கன்னியப்பன் என்ற ஆட்டக்காரன் எதிரே நின்று சத்தியம் செய்துகொண்டிருந்தான். "சரி, அடிபட்ட காலில் மட்டும் நில். முழங்காலைக் கொஞ்சம் மடக்கு. மைதானத்தில் பாடுகிற மாதிரி ஒரே மூச்சில் பாடு" என்றாள். அவன் "சடுகுடு சடுகுடு" என்று ஆரம்பித்தான். எட்டாவதில் குரல் உடைந்தது. முகம் மட்டும் சிரித்தபடியே இருந்தது.

"வலியே இல்லம்மா!"

வாய் பொய் சொல்லிவிட்டது. பாட்டுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

அன்றே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டாள். வாரா வாரம் ஒவ்வொருவனையும் நிற்க வைத்துப் பாடச் சொல்வாள். ஒரு 'சடுகுடு'வுக்கு ஒரு கோடு. அது என்ன கோடு என்று மேலே தலைப்பு எழுதவில்லை. அவளுக்குத்தான் தெரியுமே! படுத்துக்கிடக்க வேண்டாம், கட்டோடு காலையும் மாலையும் ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தால் போதும் என்றாள். நாற்பது கோடு வந்தால்தான் மைதானம். இரண்டு வருஷத்துக்குள் நாற்பத்து மூன்று முழங்கால்கள் நோட்டில் ஏறின. நாற்பது வருவதற்கு முன்பே பத்தொன்பது பேர் ஆடப் போனார்கள். அவர்களில் பதினாலு பேர் மறுபடியும் வண்டியில் வந்தார்கள். பொறுத்திருந்த இருபத்து நாலு பேரில் திரும்பி வந்தவர்கள் இரண்டே பேர்.

அந்தச் சமயத்தில்தான் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. ராவ்பகதூர் திருவேங்கடம் ஞாபகார்த்த உபகாரச் சம்பளம். விளையாட்டில் உண்டாகும் எலும்பு, மூட்டுக் காயங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர் ஒருவருக்கு, பம்பாயில் ஒரு வருஷம் எலும்பு வைத்தியம் கற்றுவரச் சகல செலவும் தருவார்கள். விண்ணப்பம் மேலதிகாரி மூலமாகத்தான் வரவேண்டும்.

அவளுக்கு மேலதிகாரி டாக்டர் மணவாளன், எம்.பி.பி.எஸ். நோட்டையும் விண்ணப்பத்தையும் அவரிடம் கொடுத்து நாலு மாதம் ஆகியிருந்தது. அடிபட்ட காலில் நிற்க வைக்கிற சோதனை என்று மட்டும் விண்ணப்பத்தில் எழுதியிருந்தாள்; பாட்டைப் பற்றி அவர் கேட்டால் நேரில் சொல்லலாம் என்றிருந்தாள். பதிலே இல்லை. இப்போது நாகப்பன் வந்து நிற்கிறான்.

மறுநாள் காலை அவள் மணவாளனின் ஆபீசில் இருந்தாள். மேஜைமேல் டைப் அடித்த கட்டுரை. அட்டையில் அவர் பெயர். அதன்மேல் அவளுடைய நோட்டு, காகிதம் பறக்காமலிருக்க வைத்த கனம் மாதிரி.

"இது என் வேலை, சார்."

"யார் இல்லேன்னா?" மணவாளன் சிரித்தார். "பாருங்கம்மா, நீங்க எல்.எம்.பி. உங்க பேர்ல அனுப்பியிருந்தா முதல் மேஜையிலேயே குப்பைக்கூடைக்குப் போயிருக்கும். இவ்வளவு நல்ல வேலை வீணாகக் கூடாதேன்னுதான் நானே எழுதினேன். கடைசிப் பக்கம் பாருங்க, நன்றி சொல்லியிருக்கேன்."

கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். 'நோயாளிகளைக் கவனித்துக்கொண்ட டிஸ்பென்சரி சிப்பந்திகளுக்கு நன்றி.'

"இதில் என் பெயர் எங்கே?"

"சிப்பந்திகள்னா அதில நீங்களும் உண்டுதானே?"

"தரை பெருக்குகிற தாயம்மாவும் உண்டு."

"ஆமா, அவளுக்கும் சேர்த்துத்தான்" என்றார் மணவாளன், கொஞ்சமும் கூசாமல். "வியாழக்கிழமை நீங்களும் பங்களாவுக்கு வந்துடுங்க. கட்டுத் துணியெல்லாம் எடுத்துக் கொடுக்க ஆள் வேணும். நோட்டு என்கிட்டயே இருக்கட்டும்."

பஸ்ஸில் திரும்பும்போது காதெல்லாம் கொதித்தது. ஏரிக்கரையில் பனிக்குளிரில் நின்று ஒவ்வொருவனையும் தண்ணீரில் இறக்கியது யார்? 'பொம்பளை டாக்டர்கிட்டக் காலைக் காட்டறதா' என்று முறைத்துக்கொண்டு போனவன்களை வீடு வீடாகப் போய் அழைத்து வந்தது யார்? அதற்கெல்லாம் சேர்த்து ஒரு சொல். சிப்பந்தி!

டிஸ்பென்சரியில் நாகப்பனும் கன்னியப்பனும் காத்திருந்தார்கள். நடந்ததைச் சொன்னாள். தாயம்மா துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"அந்த ஆளு எனக்கு இன்னாத்துக்கு நன்றி சொல்றான்? நான் இன்னா அவன் ஊட்டுக் கோழியா புடிச்சிக் குடுத்தேன்?"

"நாங்க வரலம்மா" என்றான் கன்னியப்பன். "எங்க காலு, எங்க இஸ்டம்."

"வராமல் இருந்தால் ஆள் அனுப்பித் தொந்தரவு செய்வார்கள். வந்துவிடுங்கள்."

நாகப்பன் கன்னியப்பனைப் பார்த்தான். ஏதோ பேசிக்கொண்ட மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"சரிம்மா, வர்றோம். நீங்க ஒண்ணும் பேசாதீங்க. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்."

வியாழக்கிழமை பங்களாவின் கூடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நடுவில் கர்னல் பிரைஸ் என்ற வெள்ளைக்கார சர்ஜன், பக்கத்தில் உபகாரச் சம்பளக் கமிட்டியின் காரியதரிசி தேவராஜ்; ஆராய்ச்சியைச் சோதிக்க வந்திருந்தார்கள். கர்னலுக்குத் தமிழ் தெரியாது. தேவராஜ்தான் மொழிபெயர்ப்பார். சாமுண்டீஸ்வரி கட்டுத்துணிக் கூடையோடு சுவரோரம் நின்றாள்.

மணவாளன் கட்டுரையை வாசித்து முடித்தார். "இப்போது இவர்கள் அடிபட்ட காலிலேயே நின்று காட்டுவார்கள்" என்றார்.

கன்னியப்பன் முன்னால் வந்தான். ஒற்றைக் காலில் நின்றான். நிற்கச் சொன்னாலே பாடிப் பழகியவனாயிற்றே, ஆரம்பித்துவிட்டான்.

"சடுகுடு சடுகுடு சடு... ஐயோ, அப்பா!"

முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அடுத்தவன் ஐந்தில் விழுந்தான். மூன்றாவதாக வந்த நாகப்பன் நாலிலேயே தரையில் உருண்டான்.

"செத்தேன்டா மச்சான்! என்னை வண்டியில போட்டு ஊட்டுக்கு இட்டுகினு போங்கடா!"

கர்னலின் புருவம் மேலே போயிற்று. "டாக்டர், இவர்களெல்லாம் குணமானவர்கள் என்றல்லவா எழுதியிருக்கிறீர்கள்? இவர்கள் ஏன் பாடுகிறார்கள்?"

"அது இந்தப் பட்டிக்காட்டார் வழக்கம், சார்" என்றார் மணவாளன். சுவரோரம் திரும்பித் தாழ்ந்த குரலில், "என்னம்மா இது? வலி இருக்கா, இல்லையா? சொல்லித் தொலையுங்க!" என்றார்.

கர்னல் அதைக் கவனித்துவிட்டார். "ஏன் அந்தப் பெண்மணியைக் கேட்கிறீர்கள்?"

கூடத்தில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

வலி இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மணவாளனின் பம்பாய்ப் பயணம் இந்தக் கூடத்தோடு முடிந்தது. ஆனால் கூடவே அந்த நோட்டும் முடிந்தது. ஏரித் தண்ணீரும் நாற்பது கோடும் கேலிக்கூத்தாகும். அடுத்த தையில் வண்டியில் வருகிறவனை மறுபடியும் ஆறு வாரம் படுக்கப் போடுவார்கள். தரையில் கிடந்த நாகப்பன் அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். சொல்லுங்கம்மா, சொல்லுங்க!

"வலி இல்லை" என்றாள் ஆங்கிலத்தில். "நடிக்கிறார்கள்."

"எப்படித் தெரியும்?"

"உண்மையான வலி என்றால் முதலில் பாட்டின் வேகம் தளரும். பிறகு தொடை நடுங்கும். அப்புறம்தான் குரல் உடையும். இவர்கள் பாட்டு வெட்டினாற்போல நின்றது. தொடையைத் தொட்டுப் பாருங்கள், கல் மாதிரி இருக்கும்."

கர்னல் எழுந்து வந்து நாகப்பனின் தொடையை அழுத்திப் பார்த்தார்.

"நாகப்பா, எழுந்திரு" என்றாள்.

"இன்னாம்மா நீங்க! உங்களுக்காவத்தானே உருண்டேன்!"

"தெரியும். இவருக்காக நீ பாட வேண்டாம். என் நோட்டுக்காகப் பாடு."

நாகப்பன் மணவாளனை ஒருமுறை முறைத்தான். ஒற்றைக் காலில் நின்றான், முழங்காலை மடக்கினான், மூச்சை இழுத்தான். பாட்டு கூடத்தின் கூரையைப் போய் முட்டியது. சாமுண்டீஸ்வரி விரல்விட்டு எண்ணினாள். கர்னல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபத்திரண்டாவதில் மூச்சு முடிந்தது. கால் அசையவில்லை.

"இருபத்தாறு விநாடி" என்றார் கர்னல். கட்டுரையைப் புரட்டினார். "நாகப்பன், ஐந்து மாதத்துக்கு முன், அறுபது விநாடி என்று இருக்கிறதே? ஐந்து மாதத்தில் பாதியாகிவிட்டதா?"

மணவாளன் கட்டுரையை வாங்கிப் பார்த்தார். தலைப்பில்லாத கோடுகளை எண்ணி, அவராகவே 'விநாடிகள்' என்று தலைப்புப் போட்டிருந்தார்!

"அது நேரமில்ல சாமி" என்றான், தேவராஜ் கேள்வியைத் தமிழில் சொல்லக் கேட்ட நாகப்பன். "ஒரு பாட்டுக்கு ஒரு கோடு. டாக்டரம்மா போடுவாங்க. இந்த ஐயா மூஞ்சியையே நான் இன்னிக்கித்தான் பாக்கறேன்."

தேவராஜ் முதல் பகுதியை மொழிபெயர்த்தார், கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டார். அது மொழிபெயர்க்காமலே கர்னலுக்குப் புரிந்திருந்தது.

கர்னல் அவளிடம் அரைமணி நேரம் கேள்வி கேட்டார். ஏரி எவ்வளவு ஆழம், ஏன் நாற்பது, முப்பத்தைந்து என்றால் என்ன ஆகும்? எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. "இப்படி ஒரு சோதனையை நான் லண்டனிலும் பார்த்ததில்லை" என்று கைகுலுக்கினார். "நீங்கள் என்ன படித்தவர்?"

"எல்.எம்.பி."

கர்னலின் கை தளர்ந்தது. தேவராஜைப் பார்த்தார். தேவராஜ் விதிப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பி விரலை வைத்துக் காட்டினார். நாகப்பன் கேட்டான்: "இன்னாம்மா, குடுத்துட்டாங்களா?"

ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. எல்.எம்.பி. படித்தவர்களுக்கு விதியில் இடமில்லை. ஆனால் ஆராய்ச்சி சிறந்தது. ஆகவே அதை 'மேற்பார்வை செய்த' டாக்டர் மணவாளனுக்கே உபகாரச் சம்பளம் வழங்கப்படுகிறது. 'விநாடிகள்' என்ற தலைப்பை மட்டும் அவர் திருத்திக்கொள்ள வேண்டும்.

திருடிய பொருளில் பழுது இருக்கிறது, சரிபார்த்து எடுத்துப் போ என்று திருடனிடம் சொல்கிற நியாயம் இது! சாமுண்டீஸ்வரி கடிதத்தை இரண்டாம் முறை படிக்கவில்லை. அன்று வந்த நோயாளிகளைப் பார்த்து முடித்தாள். மத்தியானம் தாயம்மா போட்ட சோறு அப்படியே இருந்தது.

மணவாளன் பம்பாய்க்குப் போய் ஐந்து மாதம் ஆயிற்று. ஒருநாள் காலை அவருடைய ஆபீஸ் பியூன் வரதன் ஓட்டமும் நடையுமாக வந்தான். கையில் பம்பாய்க் கடிதம். உபகாரச் சம்பளத்தில் ஒரு நிபந்தனை உண்டு: அதே நோயாளிகளை ஆறு மாதத்துக்குப் பின் மறுபடி அளந்து அறிக்கை தரவேண்டும். தராவிட்டால் மிச்சப் பணம் நின்றுவிடும். 'நாற்பத்து மூன்று பேரையும் உடனே அளந்து அனுப்பவும். மிக அவசரம்.'

"கையோட பதில் வாங்கியாரச் சொன்னாங்கம்மா" என்றான் வரதன்.

சாமுண்டீஸ்வரி காகிதம் எடுத்தாள். நிதானமாக எழுதினாள்.

'ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் ஆராய்ச்சிக்குரிய நாற்பத்து மூன்று முழங்கால்களும் பருத்திப்பட்டிலும் அண்ணனூரிலும் நல்ல நிலையில் இருக்கின்றன. அவற்றை அளக்கும் முறை தங்களுடையது என்று கமிட்டியார் முடிவு செய்துவிட்டபடியால், டிஸ்பென்சரி சிப்பந்தி ஒருத்தி அளந்து அனுப்புவது விதிக்கு ஒவ்வாது. தாங்களே நேரில் வந்து அளந்துகொள்ளவும். டிஸ்பென்சரி காலை ஏழு முதல் பதினொன்று வரை திறந்திருக்கும். நாகப்பன் முதலானோர் தங்களுக்காகப் பாடுவார்களா என்பதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளவும்.'

உறையில் போடுமுன் வரதன், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். அவளும் ஒளிக்காமல் படித்துக் காட்டினாள்.

"அம்மா, ஐயா கோச்சிக்குவாரு. எங்கனா தொலைவா மாத்திடப் போறாரு."

"மாற்றட்டும். சடுகுடு ஆடாத ஊர் எங்கே இருக்கிறது?"

வெளியே ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒருவன் இறங்கினான். இறங்கும்போதே, "வலியெல்லாம் இல்லம்மா, சும்மா காட்டிட்டுப் போலாம்னுதான்" என்றான்.

"அப்படியா? ஒற்றைக் காலில் நில், பார்க்கலாம்."

புது நோட்டை எடுத்தாள். முதல் பக்கத்தில், நோயாளியின் பெயருக்கும் மேலே, தன் பெயரைப் பெரிதாக எழுதினாள். கோடுகளுக்கு இந்தத் தடவையும் தலைப்பு எழுதவில்லை.