ஒண்டி வந்தோர்க்கே இவ்வீடு

தருமபுரியில் புளி மண்டி வைத்திருந்த ஒரு புண்ணியவான், நூறு வருடங்களுக்கு முன்பு, நாதியற்ற வயசாளிகளுக்கென்று பத்து வீடுகளை வரிசையாகக் கட்டினார். வாசல் கல்லில் ஒரே ஒரு வரியை வெட்டிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்: ‘ஒண்டி வந்தோர்க்கே இவ்வீடு.’ சுவரெல்லாம் அத்தனை கனம். இடி விழுந்தால் இடிக்குத்தான் காயம் படும்.

அந்தச் சுவரையும் துளைத்துக்கொண்டு எட்டாம் வீட்டுக் குக்கர் விசில் ஏழாம் வீட்டு நஞ்சம்மாளின் காதில் விழும். எட்டாம் வீட்டுச் சென்றாயனுக்கு மட்டும் விழாது. பீரங்கியே வெடித்தாலும், “யாரோ தும்மறாங்க” என்பார். மூன்றாவது விசிலுக்கு நஞ்சம்மாள் ஓடிப்போய் அடுப்பை அணைப்பாள். அறுபத்தெட்டு வயதில் ஒரு வருடம் இப்படி ஓடிய பிறகு, கல்யாணமே செய்துகொண்டால் ஓட்டமாவது மிச்சம் என்று இருவருக்கும் தோன்றிவிட்டது.

அந்தத் தரும வீடுகளின் மேனேஜர் மதியழகன் இருவரையும் வாசலுக்குக் கூட்டிவந்து கல்லைக் காட்டினார்.

“ஒண்டின்னா தனி ஆளுங்கம்மா. கல்யாணம் பண்ணிக்கிட்டா ரெண்டு வூட்டையும் காலி பண்ணிரணும்.”

நஞ்சம்மாளுக்கு வீட்டை விட்டால் பஸ் ஸ்டாண்டு பெஞ்சுதான் கதி. சென்றாயனை விட்டாலோ, பேச ஆளில்லாத மத்தியானங்கள்.

“கல்லுல என்ன எழுதுனா என்னங்க? ரெண்டு உசுரு ஒரு வூட்டுல இருந்தா ஓடு பறந்துருமா?”

மதியழகனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “நேத்து வந்தவங்க நூறு வருசத்துச் சட்டத்தை மாத்தறதா? ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை வெரட்டுன கதையால்ல இருக்குது!”

“என்ன வந்த பிடாரிங்க?”

“ஒண்ட வந்த...” மேனேஜரின் கண் கல்லுக்குப் போனது.

“அது தனியா வந்த பிடாரிங்களா, தங்க எடந்தேடி வந்த பிடாரிங்களா? மழை வந்தா பஸ் ஸ்டாப்புல நாப்பது பேரு ஒண்டறோம். நாப்பது பேரும் தனியாவா நிக்கறோம்?”

மதியழகன் கண்ணாடியைப் போட்டும் கழற்றியும் கல்லைப் பதினேழு முறை படித்தார். பிறகு மூத்த அறங்காவலருக்குப் போன் போட்டார். அவர் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சிரித்த சிரிப்பு மொரப்பூர் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும்.

“சரிங்கம்மா, நீங்க சொல்றதுதான் சரின்னுட்டாரு. பண்ணிக்கங்க. ஆனா ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வூடுதான். இன்னொண்ணு காத்திருக்கறவங்களுக்கு. ஏழா, எட்டா?”

“ஏழு” என்றாள் நஞ்சம்மாள்.

“எட்டு!” என்றார் சென்றாயன். அவர் வாழ்நாளிலேயே ஒரு கேள்வி முதல் தடவையிலேயே காதில் ஏறியது அன்றுதான்.

“எட்டுலதான் கொழாய் பக்கம்.”

“உங்க வூட்டுச் செவுத்துல தீஞ்ச பருப்பு வாசம் ஏறிக் கெடக்குது. நான் வர மாட்டேன்.”

“அப்ப நான் மட்டும் வரணுமா?”

மற்ற எட்டு வீட்டாரும் ஆளுக்கொரு கட்சியாகப் பிரிந்து வந்து நின்றார்கள். பதிவேட்டை விரித்து, பேனாவைத் திறந்து காத்திருந்த மதியழகனுக்குக் கை வலித்தது.

“எந்த நம்பர்ல எழுதறதுங்க?”

“பென்சில்ல எழுதுங்க” என்றாள் நஞ்சம்மாள்.