பந்தலுக்குள் போகும் வண்டி

டிராக்டர் கடைக்குள் காலெடுத்து வைத்ததிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கையில் ஒரு மூங்கில் கோல். தங்கள் திராட்சைப் பந்தலின் உயரத்துக்கு அதில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டிருந்தாள். எந்த வண்டியைக் காட்டினாலும் புருஷனுக்கு முன்னால் ஓடிப்போய் அந்தக் கோலை நிறுத்திப் பார்த்தாள்.

"அக்கா, வண்டி வாங்க வந்தீங்களா, வண்டிக்குச் சட்டை தைக்க வந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

புருஷன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. எப்படிச் சிரிப்பாள்? போன கோடையில் அவளுடைய அண்ணன் இப்படியொரு குட்டை டிராக்டரைச் சரிவில் திருப்பும்போது அது கவிழ்ந்து அவன் போய்ச் சேர்ந்தான். இருக்கைக்குப் பின்னால் ஓர் இரும்புச் சட்டம் இருக்கும். அது நிமிர்ந்து நின்றால், வண்டி கவிழ்ந்தாலும் ஆளை நசுங்க விடாது. நிமிர்த்தினால் குலையில் இடிக்கிறது என்று அண்ணன் அதை மடக்கியே வைத்திருந்தான். பந்தல் தோட்டக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். குலையில் ஒரு கீறல் விழக் கூடாது, ஆள் போனால் போகட்டும்! இவர்கள் தோட்டமும் சரிவுதான், ஓட்டப் போகிறவன் இவள் புருஷன்.

முதல் வண்டி வரிசைக்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் கொடியை உரித்துவிடும். இரண்டாவது ஒல்லிதான், ஆனால் சட்டம் கோட்டைத் தாண்டி நின்றது. மூன்றாவதில் சட்டத்தின் உச்சி கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது. அவள் கோலை எடுத்து இன்னொரு தரம் நிறுத்திப் பார்த்தாள்.

"அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு பாருங்க," என்றார் கடைக்காரர். "மருந்தடிக்கிற மெஷின், மண்ணைக் கிளறுற ரோட்டவேட்டர் எல்லாம் இதே அகலத்துல இருக்கு. யானை வாங்கிட்டு அங்குசத்துக்கு யோசிக்கலாமா?"

"இதையே எடுத்துக்கலாங்க," என்றாள் அவள், மூச்சு விடாமல்.

புருஷன் வண்டியைப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த கோலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இத எப்ப அளந்த?"

"போன மாசம்."

"கவாத்து முடிஞ்ச பிறகா?"

அவள் வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கிளைகளை வெட்டி முடித்த பந்தல் மொட்டையாக, கம்பி விறைப்பாக இருக்கும். காய் இறங்கினால் ஒரு சாண் தொங்கிவிடும். அப்போது சட்டம் குலையில் இடிக்கும், கை தானாக அதை மடக்கப் போகும். எல்லாம் தெரிந்தேதான் அந்த நாளாகப் பார்த்து அளந்தாள். சட்டம் நிமிர்ந்த வண்டியாக வீடு வந்து சேரட்டும், பிறகு தினம் சண்டை போட்டாவது மடக்க விடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறாள்.

"தெரிஞ்சுதான் அளந்தேன். திட்டுறதுன்னா திட்டுங்க. ஆனா அத மடக்குறேன்னு மட்டும் சொல்லாதீங்க. என்னால இன்னொரு தடவை தாங்க முடியாது."

அவன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தான். சிவப்புக் கோட்டுக்கு மேலே ஒரு சாண் அளந்து, அங்கே அழுத்திக் கீறினான்.

"பந்தல் இதுவரைக்கும் ஏறணும். உசரமான தூணுக்குச் சொல்லிட்டேன்."

"எப்ப?"

"நீ கோலத் தூக்கிட்டுத் தோட்டத்துக்குப் போன அன்னைக்கே. எதுக்கு அளக்குறன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. தெரியாம மொட்டப் பந்தல அளக்குற அளவுக்கு நீ விவரம் இல்லாதவளா என்ன?"

கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "ஒரு வண்டிக்காக மொத்தப் பந்தலையும் பிரிக்கிறதா சார்?"

"வண்டிக்காக இல்லீங்க," என்றான் அவன்.

அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். காலையிலிருந்து அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. கையைப் பின்னால் நீட்டி இரும்புச் சட்டத்தைப் பிடித்து உலுக்கினாள். அது அசையவில்லை. அண்ணன் பந்தலையும் ஒரு சாண் உயர்த்தியிருக்கலாமே என்று நினைத்தாள். அதற்கு மேல் அழுகையை அடக்க முடியவில்லை.