பெர்மனென்ட் அட்மிஷன்

முதல் அலாட்மெண்டில் என் மகள் ஷிபாவுக்குக் கிடைத்தது அவளுடைய நான்காவது ஆப்ஷன். கரமனையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய ஒரு பள்ளியில் காமர்ஸ். முதல் மூன்று இடத்திலும் அவள் எழுதியிருந்தது பயாலஜி சயன்ஸ். நர்ஸ் ஆக வேண்டுமென்றால் அதைத்தான் படிக்க வேண்டும். ஏழாம் வகுப்பிலிருந்து அவளுக்கு வேறு பேச்சே கிடையாது.

இந்த மலையாள ஊரில் பிளஸ் ஒன் சேருவது ஒரு தனிக் கணக்கு. பிள்ளைகள் தங்கள் விருப்பத்தை வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டும். மார்க்கைப் பார்த்து கம்ப்யூட்டர் அதில் ஒன்றை ஒதுக்கும். கீழே எழுதியது கிடைத்தால் அதில் டெம்பரரியாகச் சேர்ந்துகொண்டு, மேலே எழுதியதற்குக் காத்திருக்கலாம். பெர்மனென்டாகச் சேர்ந்துவிட்டால் மேலே உள்ள அத்தனையும் ரத்து. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை என்று நான் சாதிக்க முடியாது. ஷிபா சொன்னாள். பஸ்ஸில் ஒரு முறை, பள்ளி வாசலில் ஒரு முறை.

ஆனால் சொன்னது யாரிடம்? பதினேழு வருஷமாக ஓர் அரசு அலுவலகத்தில் டெம்பரரி அட்டெண்டராக இருக்கும் இந்த வன்னியபெருமாளிடம். நூற்றெழுபத்தொன்பது நாள் வேலை, அதோடு வெளியே. கூப்பிட்டால் மறுபடி உள்ளே போகலாம், கூப்பிடாவிட்டால் பழவங்காடியில் ஏதாவது கடையில் மூட்டை தூக்கலாம். எனக்குப் பின்னால் வந்த ஹரிகுமாரெல்லாம் பெர்மனென்ட் ஆகி, என்னையே டீ வாங்கிவரச் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார்கள். அந்த ஆத்திரம் எனக்கு எப்போதும் மூக்கின் நுனியில்தான் இருக்கும்.

அட்மிஷன் மேஜையில் ஜிஜி என்ற கிளார்க் அம்மா இருந்தார். சர்டிபிகேட்டை எல்லாம் சரிபார்த்துவிட்டு, "டெம்பரரி அல்லே?" என்று கேட்டார்.

"ஆமா மேடம்" என்றாள் ஷிபா.

"இல்ல, பெர்மனென்ட்" என்றேன் நான்.

ஷிபா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, டெம்பரரி எடுத்தா இந்த சீட் போவாதுப்பா. அடுத்த லிஸ்ட்ல பயாலஜி கிட்டும். எனக்க மார்க்குக்கு உறப்பா கிட்டும்."

"கிட்டலேன்னா? டெம்பரரின்னா என்னன்னு எனக்குத் தெரியும் மக்களே. ஒரு நாளு வந்து, நாளைக்கு வரண்டாம்னு சொல்லிருவான். கையில உள்ளத விடக்கூடாது."

"இது ஆபீஸ் இல்லப்பா."

"எல்லா ஆபீஸும் ஒண்ணுதான்."

கிளார்க் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "சேட்டா, மோள் பறஞ்ஞது சரியா. பெர்மனென்ட் எடுத்தா மேலே உள்ளதெல்லாம் போகும், கேட்டோ. ஒண்ணுகூடி ஆலோசிச்சிட்டு ஒப்பிடூ." இன்னொரு தடவை யோசித்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பதினைந்து வயதுப் பெண் சொல்லி நான் கேட்பதா என்று ஒரு வீம்பு வந்தது. ஃபாரத்தை இழுத்து முழுக்கப் படித்தேன். மேல் ஆப்ஷன்கள் ரத்தாக எனக்குச் சம்மதம் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. படித்து, புரிந்து, கையெழுத்துப் போட்டேன். ஷிபாவும் போட வேண்டியிருந்தது. அவள் போட்டாள், என் முகத்தைப் பார்க்காமல்.

திரும்பி வரும்போது அவளுக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். பெர்மனென்ட் என்று சொல்லச் சொல்ல எனக்கு வாயெல்லாம் இனித்தது. அலுவலகத்தில் நாலு பேரிடம் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து இரண்டாம் அலாட்மெண்ட் வந்தது. அடுத்த தெரு ஜானவி, ஷிபாவைவிட மார்க் குறைவு, அவளுக்கு ஷிபாவின் முதல் ஆப்ஷன் பள்ளியிலேயே பயாலஜி கிடைத்தது. பெட்டியில் லட்டு கொண்டுவந்து தந்தாள். ஷிபா சிரித்துக்கொண்டே வாங்கி, ஒன்றை அங்கேயே தின்றாள். ஜானவி போன பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"பிள்ளைக்க வாயில மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே" என்றாள் மாடம்மாள். என் மனைவி பதினெட்டு வருஷத்தில் என்னைத் திட்டியது குறைவு. அன்றைக்கு நிறுத்தவேயில்லை. நான் பயந்தது எனக்காக. அதை மகள் தலையில் கட்டிவிட்டேன்.

ஷிபா காமர்ஸ் புத்தகங்களுக்கு அட்டை போட்டாள், பள்ளிக்குப் போனாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஒரு சண்டை போட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எல்லா அலாட்மெண்டும் முடிந்தபின், காலி இடம் இருந்தால் பள்ளியும் பாடமும் மாற விண்ணப்பிக்கலாம் என்று கேள்விப்பட்டேன். தெரிந்ததும் மறுநாளே லீவு போட்டேன். ஒரு நாள் சம்பளம் போகட்டும், இந்த ஒரு கையெழுத்தையாவது உருப்படியாகப் போடலாம் என்று வீட்டில் சொல்லாமல் நேரே பள்ளிக்குப் போனேன். ஆபீஸ் அறை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே ஷிபாவின் குரல் கேட்டது. பக்கத்தில் மாடம்மாள், கல்யாணத்துக்கு உடுத்தும் பச்சைச் சேலையில்.

"சிட்டியில எங்கும் ஒழிவில்ல மோளே" என்று காலி இடங்களின் பட்டியலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார் ஜிஜி. "வித்துராயில் ஒரு ஸ்கூல்ல பயாலஜி ஒண்ணு உண்டு. மோளோட மார்க்குக்குக் கிட்டும். பக்ஷே தூரமல்லே?"

"போகாம் மேடம்."

வித்துரா மலையோரத்து ஊர். தினமும் போக இரண்டு மணிக்கூர், வர இரண்டு மணிக்கூர். நடந்தே போகக்கூடிய பள்ளியில் ஜானவி உட்கார்ந்திருக்கிறாள்.

"எங்கில் ரட்சகர்த்தாவு ஒப்பிடணும். அச்சன் வந்நில்லே?"

கையெழுத்துப் போட நான் உள்ளே போகக் காலெடுத்து வைத்தேன்.

"அச்சன் வேண்டா மேடம்" என்றாள் ஷிபா. "அம்ம ஒப்பிடும்."

மாடம்மாளுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். அதற்கு மேல் ஓரெழுத்தும் படிக்கத் தெரியாது. ஷிபா விரல் வைத்துக் காட்டிய இடத்தில், ஒன்றும் கேட்காமல், நிறுத்தி நிறுத்தி எழுதிக் கொடுத்தாள். என் மகளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அவர்கள் திரும்புவதற்குள் நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.