மூன்று சுவர் வீடு

எங்கள் வீட்டில் நாற்காலிகளை நகர்த்த யாருக்கும் உரிமை கிடையாது. வருகிறவர் சம்பந்தியாக இருந்தாலும் சரி, மின்சாரக் கணக்கெடுப்பவராக இருந்தாலும் சரி, உட்கார்ந்தால் எதிரே என் கணவரின் எண்ணெய் ஓவியம் தெரிய வேண்டும் என்று மாமனார் அவற்றைப் பார்த்துப் பார்த்துப் போட்டு வைத்திருந்தார். யாராவது நின்றுகொண்டே பேசினால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. "உக்காந்து பேசலாமே" என்பார். உட்கார்ந்ததும் அவர்கள் கண் எப்போது சுவருக்குப் போகும் என்று காத்திருப்பார்.

ஓவியத்தில் என் கணவர் ஒரு தூணில் லேசாகச் சாய்ந்து நிற்கிறார். பின்னால் சிவப்புத் திரை, மணிக்கட்டில் தங்க நிறக் கடிகாரம், கையில் தடித்த புத்தகம். அவர் நகரத்திலிருந்து அனுப்பிய போட்டோவைக் கொடுத்துத்தான் மாமனார் அதை வரையச் சொன்னார். தூணும் புத்தகமும் ஓவியர் தாமாகச் சேர்த்தவை. பெரிய மனிதர் படமென்றால் ஒரு தூண் இருந்தாக வேண்டுமாம். என் வீட்டுக்காரர் வாழ்நாளில் சாய்ந்து நின்றது பேருந்து நிறுத்தத்துக் கம்பத்தில் மட்டும்தான். புத்தகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், மருந்துச் சீட்டைக்கூட என்னிடம் கொடுத்துத்தான் படிக்கச் சொல்வார்.

அந்த இடத்தில் முன்பு எங்கள் கல்யாண போட்டோ இருந்தது. அதில் அவருக்கு இரவல் சட்டை, கழுத்துப் பட்டியில் இன்னொரு கழுத்து நுழையும். மாமனார் அதைக் கழற்றி, பழைய செய்தித்தாளில் சுற்றி அலமாரியின் மேல் போட்டார். "இதப் பாத்தா எவன் மதிப்பான்?" என்று கேட்டார். பொய் சொல்வானேன், எனக்கும் அந்த ஓவியம் பிடித்திருந்தது.

ஐந்து வருடங்களுக்கு முன்னால் போனவர். ஒரு பளிங்குக் கல் கம்பெனியில் மேற்பார்வை வேலை என்று சொன்னார். வாரம் தவறாமல் பேசுவார். மாதம் தவறாமல் ஒரு போட்டோ வரும். எல்லாம் ஒரே அறைதான்: அகலமான ஜன்னல், ஜன்னலுக்கு அப்பால் உயர உயரமான கட்டடங்கள், பழுப்புத் தோல் சோபா, பூ ஜாடி. படம் வந்த வேகத்தில் மாமனார் அதைச் சொந்தபந்தம் எல்லாருக்கும் அனுப்பிவிடுவார். அனுப்பிவிட்டு, பார்த்தார்களா இல்லையா என்று போன் செய்தும் கேட்பார். நான் அறையை விரலால் பெரிதாக்கிப் பார்ப்பேன். என் தையல் மெஷினை எந்த மூலையில் போடுவது என்று மனசுக்குள் இடம் பிடித்திருந்தேன். திரைச்சீலையின் நிறத்துக்காக அவரோடு கற்பனையில் சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

போன வருடம் அவர் குரல் கம்மிப்போனது. தூசி ஒத்துக்கொள்ளவில்லை, சளி என்றார். பிறகு பேசுவதே நின்றது. வேலை நேரத்தில் போன் கூடாதாம், வேலை எந்நேரமுமாம். போட்டோ மட்டும் வந்துகொண்டிருந்தது, கீழே ஒரே வரியுடன்: "நலம். கவலை வேண்டாம்."

கடைசியாக வந்த படங்களில் அவர் காதோரம் நரைத்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் பக்கத்தில் இல்லாமலே இந்த மனுஷனுக்கு வயசாகிறதே என்று இருந்தது. "நரை விழுந்துடுச்சே, நேரத்துக்குச் சாப்பிடறீங்களா இல்லையா?" என்று எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. திட்டி எழுதினேன், அதற்கும் இல்லை. அடுத்த மாதம் இன்னொரு போட்டோ வந்தது, அதே "நலம்". நான் ஒரு வார்த்தை திட்டினால் ஒன்பது வார்த்தை சமாதானம் சொல்கிறவர் அவர். அவரிடம் சொல்லாமலே கிளம்பினேன். முகவரி என்னிடம் இருந்தது, எல்லா இடத்திலும் அவர் கொடுத்து வைத்திருந்த முகவரி. மாமனார் தடை சொல்லவில்லை. "மருமக பங்களாவுக்குப் போறா" என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்து ரயில் ஏற்றிவிட்டார்.

முகவரியில் இருந்தது ஒரு டயர் கடை. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பக்கவாட்டில் இருந்த இரும்புப் படிக்கட்டைக் காட்டினார். மேலே ஒரு போட்டோ ஸ்டூடியோ. தப்பான இடத்துக்கு வந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஸ்டூடியோக்காரர் என் பையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், நான் வாயைத் திறக்கும் முன்பே, "நீங்க யாரோட வீட்டம்மா?" என்று கேட்டார். எனக்கு முன்னாலும் சிலர் பையோடு வந்திருக்க வேண்டும்.

கணவரின் படத்தைக் காட்டினேன். அவர் உள்ளே கூட்டிப்போய் விளக்கைப் போட்டார். என் வீடு அங்கே இருந்தது. மூன்று சுவர்தான் அதற்கு, நாலாவது பக்கம் காமிரா. ஜன்னல் என்பது துணியில் அச்சடித்த படம், பின்னால் ஒரு குழல் விளக்கு. சோபாவுக்கு முன்பக்கம் மட்டும் தோல், பின்னால் சாக்கு தொங்கியது. என் தையல் மெஷினுக்கு நான் பிடித்து வைத்திருந்த மூலையில் துடைப்பமும் வாளியும் இருந்தன. நான் சோபாவின் நுனியில் உட்கார்ந்தேன்.

ஸ்டூடியோக்காரர் கெட்டவரில்லை. கேட்டதற்கெல்லாம் மறைக்காமல் சொன்னார், கொஞ்சம் தொழில் பெருமையும் கலந்திருந்தது. ஊருக்குப் படம் அனுப்ப வேண்டிய கூலிக்காரர்கள்தான் அவரிடம் வருவார்களாம். கம்பியில் சட்டைகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றும் முதுகில் நெடுகக் கிழித்து கிளிப் போட்டது, எந்த உடம்புக்கும் பொருந்தும். கடிகாரத்துக்குள் இயந்திரம் கிடையாது. மாதாமாதம் வர முடியாதவர்களுக்கு வருஷப் படம் என்று ஒன்று உண்டாம். ஒரே நாளில் பன்னிரண்டு மாதத்தையும் எடுத்து முடித்துவிடுவார்கள். சட்டையை மாற்றி, ஜாடியில் பூவை மாற்றி, வெளிச்சத்தை மாற்றி எடுப்பார்கள். பிறகு ஸ்டூடியோவே அவரவர் பெயரில் மாதத்துக்கு ஒன்றாக அனுப்பிக்கொண்டிருக்கும், கீழே அந்த ஒரு வரியும் சேர்த்து. ஒட்டிய கன்னத்தை கம்ப்யூட்டரில் நிரப்பிவிடுவாராம்.

"நரை?" என்று கேட்டேன்.

"அது பவுடரும்மா. கடைசி மாசங்களுக்கு லேசா வைப்போம். இல்லன்னா வீட்ல சந்தேகம் வந்துடும்."

நான் அழுதது பவுடருக்கு. யாரிடம் போய்ச் சொல்வேன் இதை?

என் கணவர் அங்கே நாள்பட்ட வாடிக்கையாளர். மேற்பார்வையும் இல்லை, ஒன்றும் இல்லை. கல் அறுக்கிற வேலை. பெரிய வீடுகளின் தரைக்குப் போகிற பளிங்கை அறுத்து அறுத்து அந்தத் தூள் நெஞ்சில் இறங்கிவிட்டது. இருமல் முற்றியதும் அவராகவே வந்து வருஷப் படம் கேட்டிருக்கிறார். முகம் இன்னும் மோசமாவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்றாராம். "எட்டாவது சட்டைக்கு மேல அவரால பட்டன் போட முடியலம்மா. நான்தான் போட்டுவிட்டேன்" என்றார் ஸ்டூடியோக்காரர்.

இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். போன வாரம் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்திருக்கிறது. அங்கே சேரும்போதும் என் கணவர் இந்த முகவரியைத்தான் கொடுத்திருக்கிறார். ஆள் தவறிவிட்டார், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்களாம். "இது கடைங்க, இங்க யாரும் குடியில்லைன்னு சொன்னேன். உண்மையத்தானம்மா சொன்னேன்?" என்று என்னையே கேட்டார். நாலு மாதத்துப் படங்கள் மிச்சம் இருக்கின்றன, அனுப்புவதா நிறுத்துவதா என்றும் கேட்டார். கையில் இருந்த பையால் அவர் தலையில் அடிக்கலாம் போல இருந்தது. ஆனால் என் புருஷனுக்குச் சட்டைப் பட்டன் போட்டுவிட்ட கை அவருடையது. எழுந்து வந்துவிட்டேன்.

அரசு ஆஸ்பத்திரிப் பிணவறையின் குமாஸ்தா ஒரு சின்ன அறையில் மேசையும் கம்ப்யூட்டருமாக இருந்தார். கணவரின் பெயரைச் சொன்னேன். இந்தப் பெயரில் ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள், போட்டோ இருக்கிறதா என்றார். போட்டோவுக்கா பஞ்சம்? போனை நீட்டினேன். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க என்னிடம் பேசும் தோரணை மாறியது. எனக்கு நாற்காலி போட்டார்.

"உங்க வீட்டுக்காரர் பெரிய இடத்து ஆளா இருக்காரும்மா. எங்ககிட்ட இருக்கறது கல் அறுக்கற ஆளு. நீங்க வேற எங்கயாவது விசாரிங்க."

அவர்தான் அது, இந்தப் படமெல்லாம் வேஷம் என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கே நம்பும்படியாக இல்லை. அவர் பெருமூச்சு விட்டு, கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். ஆஸ்பத்திரியில் எடுத்த படம். மொட்டைத் தலை, குழிந்த கன்னம், வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கழுத்தில் எலும்புகளை எண்ணலாம்.

"இல்லைங்க, இவரு இல்ல" என்றேன்.

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? செத்தது வேறு யாரோ. யாரோ பெற்ற பிள்ளை, எவளோ ஒருத்தியின் புருஷன். நிம்மதியில் எனக்குக் கண் நிறைந்தது. அந்த மனிதனுக்காகப் பரிதாபப்படக்கூடச் செய்தேன்.

குமாஸ்தா திரையைத் திருப்பப் போனார். அப்போதுதான் இடது கண்ணைப் பார்த்தேன். அது முழுதாக மூடவில்லை, கீழே ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. என் கணவர் தூங்கும்போது இடது கண் முழுதாக மூடாது. கல்யாணமான புதிதில் அவர் விழித்திருக்கிறார் என்று நினைத்து, நேரில் சொல்ல வெட்கப்பட்ட எதையெல்லாமோ அந்தக் கண்ணிடம் சொல்லியிருக்கிறேன். இது என்னையும் அவரையும் தவிர யாருக்கும் தெரியாது.

"இவருதான்" என்றேன். "இவருதாங்க. எனக்கு அவரைக் குடுத்துடுங்க."

"இப்பதானே இல்லைன்னீங்க?"

கண்ணைப் பற்றிச் சொன்னேன். செத்தவர்கள் பாதிப் பேருக்குக் கண் மூடாது என்றார் அவர். கடுமையாகச் சொல்லவில்லை, அலுப்போடுதான் சொன்னார். முன்பு ஒரு தடவை உடலை ஆள் மாற்றிக் கொடுத்துப் பெரிய வம்பாகிவிட்டதாம். இங்கே முகவரி பொய், படம் பொருந்தவில்லை, கட்டினவளே முதலில் இல்லை என்றுவிட்டாள். அவர் எப்படிக் கையெழுத்துப் போடுவார்? இன்று சாயங்காலம் கேட்பாரற்ற உடல்களை நகராட்சி எடுத்துப்போய்ப் புதைத்துவிடும், அதற்கு மேல் தன் கையில் ஒன்றும் இல்லை என்றார். ஒரு தடவை முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். அடையாளம் உறுதியானால்தான் உள்ளே விடுவார்களாம்.

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். ரத்த சொந்தம் யாராவது இந்தப் படத்தைப் பார்த்து, நாம் எதுவும் எடுத்துக் கொடுக்காமல், இன்னார் என்று சொன்னால் போதும். அப்பா இருக்கிறார் என்றேன். "பெத்தவருக்குத் தெரியாமலா போகும்? படத்த அனுப்பி, யாருன்னு மட்டும் கேளுங்க. வேற ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்றார். எனக்கு உயிர் வந்தது. பெற்ற மகனின் சாவை ஒரு மனிதனிடம் இப்படியா தெரிவிப்பது என்று ஒரு நிமிடம் தயங்கினேன். ஆனாலும் என் புருஷன் பெயர் தெரியாத பிணமாக மண்ணுக்குள் போகக் கூடாது. திரையில் இருந்த முகத்தைப் படமெடுத்து அனுப்பினேன். ஒலிபெருக்கியைப் போட்டு மாமனாரைக் கூப்பிட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்தார். காலையிலிருந்து போனும் கையுமாக இருந்திருப்பார். வீடு போய்ச் சேர்ந்துவிட்டாயா, மாடி உண்டா, பையன் இளைத்திருக்கிறானா என்று அடுக்கினார். குமாஸ்தா உதட்டில் விரலை வைத்து எனக்கு நினைவுபடுத்தினார்.

"மாமா, ஒரு படம் அனுப்பியிருக்கேன். பாத்துட்டு யாருன்னு சொல்லுங்க."

கண்ணாடியைத் தேடுகிற சத்தம் கேட்டது. குமாஸ்தா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார். கண்டுபிடித்துவிடுங்கள் மாமா, உங்கள் பிள்ளை மாமா என்று உள்ளுக்குள் கதறிக்கொண்டிருந்தேன்.

"யாரும்மா இந்த ஆளு?"

"நல்லாப் பாருங்க மாமா."

"பாத்துட்டேன்மா. எனக்குத் தெரியலையே. நம்ம சொந்தத்துல இப்படி யாரும் இல்லையே. புள்ள வீட்டுல வேலை செய்யறவனா?"

குமாஸ்தா பேனாவை மூடினார். இனி நான் அவரிடம் உண்மையைச் சொல்லி, அவர் ஆமாம் என்று அழுதாலும் செல்லாது என்று தலையை ஆட்டினார். மாமனார் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அவர் குரல் அந்தச் சின்ன அறை முழுக்கக் கேட்டது.

"பாவம்மா, சோத்தையே பாக்காதவன் மாதிரி இருக்கான். நம்ம புள்ளைகிட்ட சொல்லி அவனுக்கு வயிறார ஏதாவது போடச் சொல்லு. பெரிய வீட்டுக்காரன் வாசல்ல ஒருத்தன் இப்படிக் கிடக்கலாமா?"