கிரீடத்தின் நிழல்

எட்டு மாடி வணிக வளாகத்தின் உச்சியில் மாமனார் ஒரு கிரீடம் வைத்திருந்தார். தகரமும் கண்ணாடியுமாக மூன்று ஆள் உயரம், மொட்டை மாடியின் ஒரு பக்கம் முழுக்க அடைத்துக்கொண்டு, நடுவில் அவருடைய பெயர். வரைபடத்தில் இல்லாத கிரீடம். அடுத்த தெருவில் போட்டிக்காரர் தன் கட்டடத்தின் மேல் பெரிய கடிகாரம் ஒன்றை ஏற்றிவிட்டார் என்று கேள்விப்பட்டதும் முளைத்தது.

முளைத்த இடம்தான் வம்பு. காலையில் பாதிச் சூரியத் தகடுகள் மேலும், மத்தியானத்துக்குப் பிறகு மொத்தத் தகடுகள் மேலும் அதன் நிழல் சொகுசாகப் படுத்துக் கிடந்தது.

புதுச் சட்டம் வேறு வந்திருந்தது. புதிதாகக் கட்டுகிற எந்த வணிகக் கட்டடமும் தன் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கை வெயிலிலிருந்து எடுக்க வேண்டும். புகை கக்கும் ஜெனரேட்டர் ஆபத்துக்கு மட்டும். எடுத்துக் காட்டினால்தான் திறப்பதற்கு அனுமதி, நிரந்தர மின் இணைப்பு எல்லாம். 'எடுக்கிறது' என்று கையெழுத்துப் போட வேண்டியவர் உரிமம் பெற்ற மின் பொறியாளர். அந்தப் பொறியாளர் வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளை.

மாப்பிள்ளை வாயைத் திறக்காமல் இல்லை. கிரீடம் ஏறிய அன்றே நிழலைக் காட்டினார். சூரியன் நகர்ந்தால் நிழலும் நகர்ந்துவிட்டுப் போகிறது, நாலு எழுத்துப் படித்தவருக்கு இதுகூடத் தெரியாதா என்று மாமனார் கேட்டார். சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

மாமனார் லேசுப்பட்டவர் அல்ல. 'பசுமைக் காவலர்' பட்டம் வாங்கியவர். பட்டம் கொடுத்த சங்கத்துக்குத் தலைவரும் அவரே என்பதால் தேர்வில் இழுபறி ஏதும் இருக்கவில்லை. பூமி சூடாவதைப் பற்றி அவர் உருகி உருகிப் பேசுகையில் ஏ.சி. குளிர் தாங்காமல் முன்வரிசை இருமும். வளாக வாசலில் ஆள் உயரப் பிளாஸ்டிக் செடிகள் இரண்டு நின்றன. நடுவில் ஒரு மின்பலகை: 'இக்கட்டடம் இதுவரை தடுத்த புகை.' கீழே கிலோக் கணக்கு.

ஆய்வுக்கு முந்தைய நாள் மாமனாரே வழி கண்டுபிடித்தார். வேறு கட்டடத்திலிருந்து ஆள் வரவழைத்து, அடித்தளத்து ஜெனரேட்டரிலிருந்து மொட்டை மாடிக்கு ஒரு கேபிளை இழுத்து, சூரிய மின்சாரத்தை அளக்கும் மீட்டரில் கொடுத்துவிட்டார். மீட்டர் குடுகுடுவென்று ஓடியது. மீட்டரைப் பார்த்து வாசல் பலகையும் ஓடியது. ஜெனரேட்டர் புகை விட விட, கட்டடம் மேலும் மேலும் புகையைத் தடுத்துக்கொண்டே போனது.

"ஆய்வுக்கு வர்ற அந்தம்மா முன்னாடி நான் ஆயிரம் சொல்லுவேன் மாப்பிள்ளை. ஜெனரேட்டரை நிறுத்துங்கன்னுகூடச் சொல்லுவேன். நீங்க காதுல போட்டுக்காதீங்க. புரியுதா?"

புரிந்தது. அன்று மாப்பிள்ளைக்குத் தூக்கம் வரவில்லை.

ஆய்வு அதிகாரி மறுநாள் மதியம் தாண்டி வந்தார். ஜூஸ் வேண்டாம் என்றார். பிளாஸ்டிக் செடியின் இலையைத் தொட்டுப் பார்த்து, விரலில் ஒட்டிய தூசியைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். யார் கையெழுத்துப் போடப் போவது என்று கேட்டார்.

"நான்தாங்க மேடம்," என்றார் மாப்பிள்ளை.

"யோசிச்சுப் போடுங்க. பொய்னு தெரிஞ்சா உரிமம் போயிடும். அப்புறம் ஒரு பல்பு மாட்டக்கூட உங்களை யாரும் கூப்பிட மாட்டாங்க."

"என் மாப்பிள்ளை தங்கம் மேடம்," என்று மாமனார் குறுக்கே புகுந்தார். "நான் சொன்னதைத் தாண்ட மாட்டார்."

இருவரும் லிஃப்டில் மேலே போனார்கள். மாப்பிள்ளை அடித்தளத்தில் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றார். அறைக்குள் சூடு அலையடித்தது. குடியிருக்கும் வீடு மாமனாருடையது. வந்த கார் மாமனாருடையது. போட்டிருந்த சட்டைகூட மாமியார் எடுத்துக் கொடுத்தது. கல்யாணத்துக்கு முன்பே, இரண்டு தடவை தோற்று மூன்றாம் தடவை எழுதி வாங்கிய அந்த உரிமம் ஒன்றுதான் அவருடையது.

போன் அடித்தது.

"மாப்பிள்ளை, சூரிய மின்சாரம் மட்டும் எவ்வளவு வருதுன்னு மேடம் பார்க்கணுமாம். ஜெனரேட்டரை நிறுத்திடுங்க." குரலில் தேன் வழிந்தது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு பணிவாக அவர் எதையும் கேட்டதில்லை.

மாப்பிள்ளையின் கை ஸ்விட்ச் மேல் போனது.

"நிறுத்திட்டீங்களா?"

"சொல்லிட்டீங்கல்ல மாமா," என்றார் மாப்பிள்ளை. "நிறுத்திடறேன்."

நிறுத்தினார்.

சத்தம் அடங்கியதும் காது அடைத்துக்கொண்டது போலிருந்தது. மேலே மீட்டர் மூச்சை விட்டிருக்கும். லிஃப்டும் இந்த ஜெனரேட்டரில்தான் ஓடுகிறது என்பது அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது.

எட்டு மாடியையும் படி வழியாகவே இறங்கினார்கள். அதிகாரி போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். மாமனார் கைப்பிடியைப் பற்றி, திருப்பத்துக்குத் திருப்பம் உட்கார்ந்து எழுந்து, வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். மாப்பிள்ளை நீட்டிய தண்ணீர் பாட்டிலை அவர் பார்க்கவே இல்லை.

அதிகாரி நின்றபடியே சொன்னார்: கேபிளைப் பிடுங்க வேண்டும், கிரீடத்தை இறக்க வேண்டும், மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், அதுவரை கட்டடம் திறக்காது. கிளம்பும்போது, அடுத்த தடவையும் இதே பொறியாளர்தானா என்று விசாரித்தார்.

"வேற ஆள் போட்டுடறோம் மேடம்," என்றார் மாமனார்.

அதிகாரி போனதும் மாமனார் மூச்சு வாங்க மாப்பிள்ளையைப் பார்த்தார். கோபத்தைவிடத் திகைப்புதான் அதிகம் தெரிந்தது.

"சொன்னா... உடனே செஞ்சிடறதா?"

பதிலுக்குக் காத்திராமல் காரில் ஏறினார். கார் போய்விட்டது. வாசல் பலகை இருண்டு கிடந்தது.

சற்று நேரத்தில் மனைவியின் அழைப்பு வந்தது. எதையும் கேட்கவில்லை, அதற்குள் சேதி போயிருக்க வேண்டும்.

"அப்பா கார்ல வந்துட்டிருக்காராம். நீங்க எதுல வர்றீங்க?"

"நடந்துதான்."

"மெதுவாவே வாங்க," என்று வைத்துவிட்டாள்.

அது அக்கறையா, அப்பா தூங்கின பிறகு வாருங்கள் என்பதா, இல்லை வராவிட்டாலும் பரவாயில்லை என்பதா? மாப்பிள்ளை தெருவில் இறங்கினார். சாய்ந்த வெயிலில் கிரீடத்தின் நிழல் தெரு முனை வரை நீண்டிருந்தது. அதற்குள்ளேயேதான் நடக்க வேண்டியிருந்தது.