முழங்கால் உயரச் சன்னல்

“சூரியகாந்தி விதைப் பொட்டலத்த முன்னால வை, சொர்னிட்சா. பின்னால இருந்தா எலிதான் வாங்கும்” என்றாள் நெவேனா அக்கா. நான் சிரித்து முடிப்பதற்குள் சன்னலுக்கு வெளியே இரண்டு காலணிகள் வந்து நின்றன.

சோஃபியாவில் எங்கள் பெட்டிக்கடை நிலவறையில் இருந்தது. சன்னல் நடைபாதையிலிருந்து முழங்கால் உயரம். வாங்க வருகிறவர்கள் குந்தித்தான் கேட்க வேண்டும். உள்ளே இருக்கும் எங்களுக்கு ஊரே வெறும் கால்கள். அடித்து நொறுக்கிய மீனவக் கணவன் ப்லமெனிடமிருந்து தப்பி வந்த அக்கா அதற்காகவே அந்தக் கடையைப் பிடித்தாள். குனியாதவன் கண்ணில் படமாட்டாள்.

அதற்கு ஒரு மாதம் முன்பு அசென் குனிந்தான். தெருத்தெருவாகக் கேமராவோடு திரிகிறவன். அக்கா தயிரை நீட்டி நிமிர்ந்த நொடியில் எடுத்துவிட்டான்.

“அத அழிச்சிடு தம்பி.”

“ஏங்க்கா? கண்ணுல ஒரு பயம் இருக்கு பாருங்க, அதுதான் படமே.”

“பயம் என்னோடது. உனக்கு எதுக்கு?”

“பேரு போட மாட்டேன்க்கா.”

பேர் போடவில்லை. எல்லாப் படங்களுக்கும் செய்வதுபோல் கீழே தெருப்பெயரை எழுதினான். பூங்காக் கண்காட்சியில் மாட்டினார்கள்; நாளிதழிலும் வந்தது.

“நடிகையம்மா, ஒரு தயிர் குடுங்க” என்று தபால்காரி கேலி செய்தாள். அக்கா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு காலணியையும் உற்றுப் பார்த்தாள். “படம்தானே, விடுக்கா” என்றேன் நான்.

விதைப் பொட்டலத்தை அடுக்கும்போது வந்து நின்ற காலணிகளில், இடதில் கயிறுக்குப் பதில் நீல மீன்வலை நூல். அக்காவின் கை என் மணிக்கட்டை இறுக்கியது.

“பின்வாசல் வழியா ஓடு. போலீஸக் கூட்டிட்டு வா.”

கூட்டி வந்தேன். அதற்குள் ப்லமென் எல்லாவற்றையும் முடித்திருந்தான்.

இறந்தவர் படத்தை அச்சிட்டு வாசலிலும் கம்பத்திலும் ஒட்டுவது எங்கள் வழக்கம். ஒளிந்து வாழ்ந்தவளுக்கு இருந்தது அந்த ஒரே படம். அசெனிடமே கேட்டேன். அவனே அச்சிட்டு வந்து ஒட்டினான். பசை உலரும்வரை கையை எடுக்கவில்லை.

“வேணாம்னு சொன்னாங்க. ஏன்னு கேட்டேனே தவிர, சொன்னத கேக்கல” என்றான். “தெருவுல நிக்கிறவங்க என் படத்துக்காக நிக்கல. இனிமே யாரு வேணாம்னாலும், காரணமே கேக்காம அங்கேயே அழிச்சிடுவேன்.”

எல்லாரும் அப்படித்தான் செய்ய வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மழையில் படம் வெளிறிவிட்டது. சன்னல் இன்னும் முழங்கால் உயரத்தில்தான் இருக்கிறது.